குரூப்பில் 74 பேர், ஆஸ்பத்திரியில் 3 பேர்

சமூக ஊடகம் மனிதர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் நாலைந்து வரிகளில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 74 பேர். அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அதில் தகவல் போட்டிருக்கிறீர்கள். கும்பிடும் கை, ‘கடவுள் துணை’, ‘சீக்கிரம் வீடு திரும்பணும்’ என்று 40-க்கும் மேற்பட்ட பதில்கள். 9 நாளில் நேரில் வந்து பார்த்தவர்கள் 3 பேர். அந்த மூவரில் ஒருவர் குரூப்பிலேயே இல்லாதவர், அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர். இந்தக் குரூப் இல்லாத காலமாக இருந்தால் இன்னும் பத்துப் பேர் வந்திருப்பார்களோ, அப்படியென்றால் இதிலிருந்து வெளியேறிவிடலாமா என்று கேட்கிறீர்கள். நான் அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மருத்துவச் சமூகப் பணியாளர். காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதங்கள், இரத்தத்துக்கு ஆள் தேடுவது, இரவு துணைக்கு யார் இருப்பது என்ற சண்டை, இறந்துபோனால் யாருக்கு முதலில் சொல்வது என்ற குழப்பம், இதெல்லாம் எங்கள் மேசைக்கு வரும். வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, மாலை நேரத்தில் வார்டுக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆனால் இதில் ஒரு கோணல் உண்டு. சொந்தக்காரர்கள் வரிசைகட்டி நிற்கும் குடும்பம் எங்களைத் தேடி வராது. ஆள் இல்லாதவர்கள்தான் வருவார்கள். அதனால் என் கண்ணுக்குத் தனிமை கொஞ்சம் அதிகமாகவே தெரியும். என் அனுபவத்தை மட்டும் நம்பாமல், ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பைவிட வயதானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1990-களின் நடுவில் ராபர்ட் க்ராட் என்பவரின் குழு 73 வீடுகளுக்கு இணைய வசதி செய்துகொடுத்து, அங்கிருந்த 169 பேரை ஓரிரு ஆண்டுகள் கவனித்தது. அதிகமாக இணையத்தில் இருந்தவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, பழகும் வட்டம் சுருங்கியது, தனிமையும் சோர்வும் கூடின என்று 1998-இல் எழுதினார்கள். பெரிய பரபரப்பானது. அதே குழு அதே ஆட்களை மறுபடி பார்த்து 2002-இல் எழுதியபோது அந்தக் கெடுதல்களில் பெரும்பாலானவை மறைந்துபோயிருந்தன. புதிதாகச் சேர்த்துப் பார்த்தவர்களிடம் வேறொன்று தெரிந்தது: ஏற்கெனவே கலகலப்பாகப் பழகுபவர்களுக்கும், தாங்கிப் பிடிக்க ஆட்கள் உள்ளவர்களுக்கும் இணையம் நன்மை செய்தது. அப்படி இல்லாதவர்களுக்கு அந்த அளவுக்குச் செய்யவில்லை. இருப்பவனுக்கே மேலும் சேரும் என்ற கதைதான். அப்புறம் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் நான் படித்தவரை, இந்த இரண்டாவது முடிவுதான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

‘போன் வந்ததால்தான் யாரும் வருவதில்லை’ என்ற வாதத்தின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. போனில் போகும் நேரமெல்லாம் முன்பு மனிதர்களோடு போன நேரம் என்பது அந்தக் கணக்கு. இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 2018-இல் அமெரிக்காவில் ஹன்ட் ஆல்காட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஏறத்தாழ 2,700 ஃபேஸ்புக் பயனர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பணம் கொடுத்து 4 வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் கொஞ்சம் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் போனது உண்மை. ஆனால் கொஞ்சம் தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கும் போனது. மனநிலை சிறிதளவு மேம்பட்டது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பைப் பிடுங்கிவிட்டால் அவர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. அவர் சீரியல் பார்க்கவும் கூடும்.

நாம் எல்லாவற்றையும் ‘சமூக ஊடகம்’ என்று ஒரே பெயரில் சொல்வதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. தெரிந்த ஒருவருக்கு ஒருவர் எழுதுவது ஒன்று. முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது வேறு. அமெரிக்க அரசின் வணிக ஆணையம், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மீது தொடர்ந்த ஏகபோக வழக்கில் மெட்டா தானே முன்வைத்த கணக்கு ஒன்று 2025-இல் வெளிவந்தது. அமெரிக்கர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதமும், இன்ஸ்டாகிராமில் 7 சதவீதமும்தான் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பதில் போகிறதாம். மீதியெல்லாம் ரீல்ஸும் இன்னபிறவும். தங்களுக்குப் போட்டியாக டிக்டாக்கும் யூடியூபும் இருக்கின்றன என்று காட்டுவதற்காக அவர்கள் சொன்ன கணக்கு இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் எனக்கு அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரித்தான் பட்டது. உறவுக்காக என்று திறந்த கடையில் இப்போது விற்பது பெரும்பாலும் டிவி. ரீல்ஸ் பற்றி உங்கள் கேள்வியில் எதுவும் இல்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

எங்கே இது உறவைக் கூட்டுகிறது என்று கேட்டால், தயங்காமல் இரத்த வங்கியைக் காட்டுவேன். முன்பெல்லாம் ஓ நெகட்டிவ் வேண்டுமென்றால் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர், ரசிகர் மன்றத்துக்காரர், போலீஸ் குடியிருப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த எண்களுக்கெல்லாம் போன் போட வேண்டும். இன்றைக்கு யாரோ ஸ்டேட்டஸில் வைக்கிறார், ஒரு மணி நேரத்தில் நோயாளியின் பெயர்கூடத் தெரியாத ஒரு பையன் பைக்கில் வந்து இறங்குகிறான். அதே செய்தி ஃபார்வர்டு ஆகி ஆகி, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அந்த வீட்டுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும், அது தனித் தொல்லை. 1973-இல் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் சொன்னது இதுதான்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், அதனால் புதிய தகவலும் புதிய வாய்ப்பும் அதிகம் பழக்கமில்லாதவர்கள் வழியாகத்தான் வந்து சேரும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது படகு எங்கே, சாப்பாடு எங்கே என்று முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்டதும் அதிகம் பழக்கமில்லாத உறவுகள் என்ற இந்த மெல்லிய இழைகளின் பலத்தால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயத்திலும் அப்படியே. 1990-களின் கடைசியில் டொரண்டோவின் புறநகர் ஒன்றில் புதிதாகக் கட்டிய வீடுகளில் சிலவற்றுக்கு மட்டும் அதிவேக இணையமும் எல்லோருக்கும் பொதுவான மின்னஞ்சல் பட்டியலும் கிடைத்தன. கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் அங்கே ஆய்வு செய்தார்கள். இணையம் இருந்த வீட்டுக்காரர்களுக்கு, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அண்டை வீட்டாரைப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது. வீடு கட்டித் தந்த நிறுவனத்தோடு பிரச்சினை வந்தபோது ஒன்றுசேர்ந்து மல்லுக்கு நின்றதும் அந்தப் பட்டியல் வழியாகத்தான். அடுக்குமாடி அசோசியேஷன் குரூப்பில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. மல்லுக்கு நிற்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருபவர்கள் இந்த மெல்லிய இழைக்காரர்கள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார், பிரிட்டனில் 3,300-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து 2016-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஃபேஸ்புக்கில் அவர்களுக்குச் சராசரியாக 150 நண்பர்கள் வாக்கில் இருந்தார்கள். கஷ்டம் என்றால் உண்மையில் யாரை நம்பிப் போவீர்கள் என்று கேட்டபோது வந்த சராசரி 4 பேர். பட்டியல் நீளமாக இருந்தவர்களுக்கும் இந்த எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. பிரிட்டன்காரர்களின் கணக்கை அப்படியே நம் குடும்பத்துக்குப் பொருத்த முடியாது, நம்மிடம் மாமன், மச்சான், பங்காளி என்று பிறப்போடு வரும் கடமைகள் அதிகம். ஆனாலும் உங்கள் 3 பேரை நான் அவமானமான எண்ணாகப் பார்க்கவில்லை. ஓர் ஆளுக்கு ஆபத்தில் வந்து நிற்பவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான். மற்றவர்களும் இருப்பதாக நமக்குத் தோன்ற வைப்பது 74 என்ற எண். அந்தத் தோற்றம்தான் வலிக்கிறது.

அந்த மில் நண்பரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் நெருங்கிய நண்பராக ஆவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணித்தார். ஷிஃப்ட் ஷிஃப்டாகச் சேர்ந்து நின்று, டீ குடித்து, போனஸுக்குச் சண்டை போட்ட இரண்டு பேருக்கு அது எப்போதோ கடந்துபோயிருக்கும். உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளில் எத்தனை பேர் அப்பாவோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? குரூப் அந்த நேரத்தைத் தின்றுவிட்டது என்பதைவிட, அந்த நேரம் முதலிலேயே இருந்திருக்காது என்பதுதான் அதிகம் பொருந்துகிறது. சென்னைக்கு அருகே ஐடி கம்பெனிகள் வந்து சூழ்ந்துகொண்ட கிராமங்களில் 15 மாதம் களப்பணி செய்த ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்ற மானுடவியலாளர் 2017-இல் எழுதியதும் இதை ஒட்டித்தான் வருகிறது. அங்கே மக்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பழகிய விதம், தெருவில் இருந்த சாதி, வர்க்கம், ஆண் பெண் வேறுபாடு, சொந்தபந்தம் இவற்றையே பெரும்பாலும் பின்பற்றியது. வெளியே நெருக்கமாக இருந்தவர்கள் உள்ளேயும் நெருக்கம், வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளேயும் ஒதுக்கம்.

அப்படியானால் குரூப் மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1968-இல் நியூயார்க்கில் டார்லி, லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை பிரபலமானது. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது இன்டர்காம் வழியாகக் கேட்கிறது. கேட்பது தான் ஒருவன் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான் எழுந்தார்கள். கல்நெஞ்சத்தால் இல்லை, பொறுப்பு பங்குபோட்டுப் போய்விட்டது. மின்னஞ்சலிலும் இதேதான்: ஒரே கேள்வியை ஒருவருக்குத் தனியாக அனுப்பினால் வரும் பதில், ஐந்து பேருக்குச் சேர்த்து அனுப்பினால் வருவதைவிட அதிகம் என்று 2002-இல் இஸ்ரேலில் செய்த ஆய்வு காட்டியது. 74 பேருக்கு ஒரே நேரத்தில் தகவல் போனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே தெரிகின்றன: உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அது இன்னும் 73 பேருக்குத் தெரியும். கீழே ஏற்கெனவே 20 கும்பிடும் கைகள் நிற்கின்றன. ‘யாராவது போயிருப்பாங்க’ என்று நினைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நம்மிடையே நோய் விசாரிக்கப் போவதும், கேதத்துக்குப் போவதும், வீட்டுக்கு வந்து பத்திரிகை வைப்பதும் மதிக்கப்படுவதற்குக் காரணம், அவற்றில் இருக்கும் சிரமம்தான். பஸ் ஏறி, சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கி, வார்டு தேடிப் பிடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால், அந்தக் குடும்பம் அதை மறப்பதில்லை, திருப்பிச் செய்யும். கும்பிடும் கைக்கு எந்தச் செலவும் இல்லை, அதனால் வாங்கியவர் மனதில் அது தங்குவதும் இல்லை. ஆனால் அனுப்பியவர் மனதில் ‘விசாரித்தாகிவிட்டது’ என்ற நிறைவு வந்துவிடுகிறது. ஒருவர் கணக்கில் வரவு வைத்ததை மற்றவர் கணக்கில் எழுதவே இல்லை. மொய்ரா பர்க்கும் முன்னே சொன்ன க்ராட்டும் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது. நெருங்கியவர்கள் தனக்கென்று யோசித்து எழுதிய சொற்கள் வந்தபோது மக்களின் மனநலம் கொஞ்சம் கூடியது. ஒரே தட்டலில் வரும் லைக்குகளால் அப்படிக் கூடவில்லை.

வார்டில் நான் கண்ட மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இது ஆய்வு இல்லை, கண்ணால் பார்த்தது. முன்பு தகவல் மெதுவாகப் போகும், ஆனால் கூட்டமாக வந்து சேரும். ஊரிலிருந்து வேன் பிடித்து வருவார்கள், வாட்ச்மேனோடு சண்டை போடுவார்கள். இப்போது தகவல் நிமிடத்தில் போய்விடுகிறது, ஆட்கள் குறைவாக, தனித்தனியாக வருகிறார்கள். ‘குரூப்லதான் தினமும் அப்டேட் போடுறாங்களே’ என்று சொல்லி வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் குறைவுக்கெல்லாம் வாட்ஸ்அப்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இதே ஆண்டுகளில்தான் ஆஸ்பத்திரிகள் பார்வையாளர் நேரத்தை இறுக்கின. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு மேல் விடுவதில்லை. பிள்ளைகள் ஒன்றிரண்டாகி, பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். லீவு கிடைக்காத வேலைகள் கூடின. 2020-க்குப் பிறகு வீட்டிலேயே இருக்கப் பழகிய பழக்கம் சிலரைவிட்டு இன்னும் போகவில்லை. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டும் ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

தூரத்தில் இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் கடிதத்தோடு கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். இன்றைக்கு மகன் அபுதாபியிலிருந்து வீடியோவில் டாக்டரிடமே கேள்வி கேட்கிறான். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாததால் போட்டிம் மாதிரி ஏதாவது ஒரு செயலியைப் போட்டுத் தரச் சொல்லி அம்மாக்கள் எங்கள் மேசைக்கு வருவது வழக்கம். வரவே முடியாதவருக்கு இது வருகைக்கு ஈடு இல்லைதான். ஆனால் இதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதுவும் மிச்சம் இருக்காது. இளம்பிள்ளைகளின் மனநலம் பற்றிய சர்ச்சை வேறு. அங்கே நிபுணர்களே இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுகிறார்கள், அறுபது வயதுக்காரர்கள் நிறைந்த ஒரு குடும்ப குரூப்புக்கு அந்த முடிவுகளைப் பொருத்துவது சரியாக இருக்காது.

சரி, வெளியேறலாமா? வேண்டாம். இப்போது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது என்கிறார்கள். நம் குடும்பங்களில் அட்மினுக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். மியூட்டில் போட்டுவிடுங்கள். குரூப்பை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதவி கேட்கும் இடமாக வேண்டாம். உதவி வேண்டுமென்றால் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு வேலையைச் சொல்லி, ஒரு நாளைக் குறித்துக் கேளுங்கள். ‘அப்பாவுக்கு முடியலை’ என்பதற்குக் கும்பிடும் கைதான் பதிலாக வரும். ‘சித்தப்பா, வியாழக்கிழமை ராத்திரி நீங்க துணைக்கு இருந்தா நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வந்துடுவேன்’ என்பதற்கு முடியும், முடியாது என்று இரண்டு பதில்தான் உண்டு. வார்டில் துணைக்கு ஆள் இல்லாமல் தவித்த குடும்பங்களுக்கு நான் இதைத்தான் சொல்லிவந்தேன். முடியும் என்று வந்தவர்களின் எண்ணிக்கை அந்தக் குடும்பங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருந்தது. எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் இதே மாதிரிதான். மாரடைப்புக்குப் பிறகு முதல் சில வாரங்களில் பல பேர் பயந்துபோய் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். டாக்டர் நடக்கச் சொன்னதும், அந்த மில் நண்பர் பக்கத்தில் இருந்தால் மாலையில் ஒரு தெரு நடந்து வரத் துணைக்குக் கூப்பிடுங்கள். பதில் போட்ட 40 பேரில் அப்பாவுக்கு உண்மையிலேயே பிடித்த நாலைந்து பேர் யார் என்று அப்பாவையே கேளுங்கள். அவர்களுக்கு நீங்களே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டுக்கு ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லோரையும் கூப்பிட வேண்டாம், அவர் களைத்துவிடுவார்.